செட்டிநாட்டிலிருந்து பனிமலைக்குப் போகிறவர்களுக்கு: பனிச்சரிவில் சிக்காமல் நடப்பது எப்படி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து பனிமலைக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. கோடையில் காசிக்குப் போய், நகரத்தார் சத்திரத்தில் தங்கிவிட்டு, அப்படியே கேதார்நாத், பத்ரிநாத் என்று மேலேறும் யாத்திரைக் குழுக்கள் ஒரு வகை. டிசம்பர் முதல் மார்ச் வரை கேதார்கண்டா, பிரம்மதால், மணாலி, குல்மார்க் என்று மலையேற்றத்துக்கோ பனிச்சறுக்குக்கோ கிளம்பும் இளவட்டங்கள் இன்னொரு வகை. இரு தரப்பும் ஸ்வெட்டர், ஷூ, மாத்திரை என்று பட்டியல் போட்டு வாங்குகிறார்கள். பனிச்சரிவை மட்டும் கைடு பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள்.

கைடும் மனிதர்தான். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி மாவட்டத்தின் திரௌபதி கா தண்டா மலையில் சரிவில் சிக்கியது மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு. அதில் 27 உடல்கள் கிடைத்தன, இருவர் கிடைக்கவே இல்லை. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் 10 வீரர்கள் புதைந்தபோது அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மலை ஏறினால்தான் ஆபத்து என்பதும் இல்லை. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமின் நாதுலா சாலையோரத்தில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அனுமதி 13-ஆம் மைல் வரைதான். சரிவு வந்தது 15-ஆம் மைலில்.

சமவெளிக்காரர் ஒரு வாரப் பயணத்தில் பனியின் உள்ளடுக்குகளைப் படிக்கக் கற்றுவிட முடியாது. சரிவின் கோணத்தை அளக்க ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். அதனால் இந்த வழிகாட்டியில் கோணத்துக்குத்தான் அதிக இடம்.

எது சரிகிறது

ஆளைக் கொல்லும் சரிவுகளில் பெரும்பாலானவை பலகைச் சரிவு. மேலே இறுகிய ஓர் அடுக்கு, அதன் அடியில் பிடிப்பில்லாத மெல்லிய அடுக்கு. சாய்ந்த தளத்தில் சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் வெறும் மணல்மேல் ஆத்தங்குடிக்கல் பரப்பியதுபோல: பார்வைக்குத் தரை கெட்டி, ஓரிடத்தில் கால் வைத்தால் மொத்த வரிசையும் நழுவும். உடைவது ஆளின் காலடியில் தொடங்கி, கண்ணாடியில் விரிசல் ஓடுவதுபோல மேல்நோக்கி ஓடும். நிற்கும் இடத்துக்கு மேலேயே வெடிப்பதால் ஒதுங்க நேரம் இருக்காது. உயிர்ச்சேத விபத்துகளில் பத்துக்கு ஒன்பதில் சரிவைக் கிளப்பியது சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான். எப்போதும் தானாகவே மேலிருந்து உருண்டு வந்து விழும் என்று எண்ணுவது தவறு.

அடியில் உள்ள பலவீன அடுக்கு உருவாவதற்குத் தெளிந்த வானமும் கடும் குளிரும் போதும். பனி ஓரடி, ஒன்றரை அடிதான் இருக்கிறது, இரவில் குளிர் மைனஸ் 10-க்கும் கீழே போகிறது என்றால், தரையின் மிதவெப்பத்துக்கும் மேற்பரப்பின் குளிருக்கும் நடுவே ஈரம் மேலேறி, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத கரடுமுரடான சீனிமணிகளாக மாறிவிடும். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, விரலிடுக்கில் உதிரும். டிசம்பரில் “பனி கம்மிதான், பயமில்லை” என்று சொல்வது இதனால்தான் தப்புக் கணக்கு. அடுத்த மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து வரும் குளிர்காலப் புயல்) வந்து இரண்டடி பனியைக் கொட்டும்போது அது உட்காரும் அஸ்திவாரம் இந்தச் சீனிமணிகள்தான்.

காற்றும் பனியை ஏற்றும். முகட்டின் ஒரு பக்கத்திலிருந்து வாரி எடுத்து மறுபக்கத்தில் குவிக்கும். வானிலிருந்து ஒரு பொட்டுகூட விழாத நாளிலும் காற்றுக்கு மறைவான சரிவில் அடிக்கணக்கில் ஏறிவிடும். இமயமலையில் குளிர்காலப் புயல் மேற்கிலிருந்து வருவதால், பொதுவாகக் கிழக்கு, வடகிழக்குப் பார்த்த சரிவுகளில்தான் இந்தக் குவிப்பு அதிகம். முகட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனிவிளிம்பு அதற்கு அடையாளம். அதன்மேல் நின்று படம் எடுக்கக் கூடாது, அதன் அடியிலும் போகக் கூடாது.

கோணம்

பலகைச் சரிவு கிளம்புவது பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடத்தில். 38 பாகையை ஒட்டி மிக அதிகம். 25-க்குக் கீழே அரிது. 45-ஐத் தாண்டினால் பனி அவ்வளவாகத் தங்காது, அவ்வப்போது சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். வம்பு என்னவென்றால், நடக்க உற்சாகமாகவும் சறுக்க ஆசையாகவும் இருக்கும் சரிவுகள் இந்த 30–45-க்குள்தான் விழுகின்றன.

கண்ணால் பார்த்துச் சொன்னால் ஐந்து, பத்து பாகை தவறும். கண்ணைப் பழக்க வீட்டுப் படிக்கட்டே போதும். படியின் உயரம் 6 அங்குலம், அகலம் 12 அங்குலம் என்றால் சாய்வு 26–27 பாகை. உயரம் 7, அகலம் 10 என்றால் 35. பழைய வீடுகளில் மச்சுக்கு ஏறும் குறுகலான மரப்படியில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும், அது 45. ஒரு நேர்க்கம்பைப் படி முனைகள் மேல் சாய்த்து, அதன்மேல் கைப்பேசியை வைத்து, சாய்வு அளக்கும் செயலியில் சரிபாருங்கள். குன்றக்குடி மலைக்குப் போகும்போது, திருமயம் கோட்டைப் பாறையில் ஏறும்போது, முதலில் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள். இருபது இடத்தில் செய்தால் பிழை மூன்று, நான்கு பாகைக்குள் வந்துவிடும்.

மலையில் கைப்பேசி குளிரில் அணைந்துபோகும். அதற்கு ஒரே நீளமுள்ள இரண்டு கைத்தடிகள் உதவும்:

1. ஒரு தடியைச் சரிவின் நேர்கீழ்த் திசையில் பனியில் அழுத்தி, மேல்முனை, கீழ்முனை இரண்டின் தடமும் தெரியச் செய்யுங்கள்.
2. மேல்முனையை அதே இடத்தில் ஊன்றியபடி கீழ்முனையைப் பனியிலிருந்து தூக்குங்கள்.
3. தூக்கிய முனையிலிருந்து இரண்டாம் தடியைத் தூக்குக்குண்டு மாதிரி செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். அதன் நுனி பனியைத் தொடும் அளவுக்கு முதல் தடியை ஏற்றி இறக்குங்கள்.
4. நுனி சரியாகக் கீழ்த்தடத்தில் பட்டால் 30 பாகை. தடத்துக்கும் கீழே பட்டால் 30-க்கு மேல். தடத்துக்கு மேலே பட்டால் 30-க்குள்.

இதை வேண்டுமென்றே சந்தேகமான சரிவின் நடுவில் போய்ச் செய்பவர்களும் உண்டு! அளப்பது பக்கத்தில் உள்ள பத்திரமான, சிறிய, அதே சாய்வுள்ள மேட்டில்.

கிளம்புமுன் வரைபடத்தில் பார்ப்பது இன்னும் நல்லது. 40 மீட்டர் இடைவெளியில் உயரக்கோடுகள் இருந்தால், இரண்டு கோடுகளுக்கு நடுவே தரைத்தூரம் 70 மீட்டருக்குக் குறையும் இடமெல்லாம் 30 பாகைக்கு மேல். பாதையை வரைந்து, இப்படி நெருங்கும் இடங்களைச் சிவப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் இடம் சமதரையாக இருப்பதால் மட்டும் பத்திரம் ஆகாது. மேலே கிளம்பும் பனிச்சரிவு எங்கே வந்து நிற்கும் என்பதுதான் கேள்வி. நின்ற இடத்திலிருந்து மேல்சரிவின் உச்சியைக் குறிபார்த்துக் கோணம் அளங்கள். 18 பாகைக்கும் குறைவென்றால் பெரிய சரிவுகூட அரிதாகவே அங்கே வரும். 25-ஐத் தாண்டினால் நீங்கள் அதன் பாதையில் நிற்கிறீர்கள். காட்டுக்குள் நேர்க்கோடாக மரமில்லாத பட்டை, மேல்பக்கத்துக் கிளைகள் மட்டும் முறிந்த மரங்கள், ஒரே உயரத்தில் வளைந்து கிடக்கும் இளமரங்கள் இருந்தால் அங்கே முன்பே சரிவு வந்திருக்கிறது. கூடாரம் அடிக்க அழகான வெட்டவெளியாக அது தோன்றும். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு அருகே மாணாவில் புதைந்தது சாலைப் பணியாளர் முகாம். அதில் எட்டுப் பேர் இறந்தார்கள். உறங்கும் இடத்தைத் தேர்வதும் நடக்கும் வழியைத் தேர்வதற்குச் சமம்.

பள்ளங்கள் தனிக் கவலை. ஓடை, நாலா (மலையில் நீர் அரித்த பள்ளம்), சாலை வெட்டு இருக்கும் இடத்தில் சிறிய சரிவுகூட ஆளை இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் மூடிவிடும். கீழே பாறை விளிம்போ மரக்கூட்டமோ இருந்தால் மூச்சுமுட்டுமுன் அடிபட்டே இறப்பார்கள். சாவுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அப்படித்தான் நேர்கிறது.

திரும்ப வேண்டிய அறிகுறிகள்

பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனிச்சரிவு விழுந்த தடம் தெரிந்தால், அதே திசை பார்த்த, அதே உயரத்துச் சரிவு எதிலும் கால் வைக்கக் கூடாது. காலடியில் “வும்” என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டாலோ, விரிசல் ஓடினாலோ, பலவீன அடுக்கு அந்த நொடியில் உடைந்திருக்கிறது. வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். 24 மணி நேரத்தில் ஓரடிக்கு மேல் புதுப்பனி, பனியின்மேல் மழை, பலத்த காற்று, திடீர் வெப்பம் ஆகியவை மற்ற அறிகுறிகள். புயல் ஓய்ந்து வானம் நீலமாக விடிந்த முதல் இரண்டு நாள்தான் மோசமான நாட்கள். எல்லாரும் அன்றுதான் கிளம்புவார்கள்.

அரசு எச்சரிக்கையைச் சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் டிஜிஆர்இ என்ற ஆய்வு நிறுவனம் வெளியிடுகிறது. பழைய பெயர் சாசே. மாவட்டத்தைச் சொல்லி, இத்தனை மீட்டருக்கு மேல் என்று வரும். ஒரு மாவட்டம் முழுவதற்குமான அறிவிப்பு என்பதால் நீங்கள் நிற்கும் நாலாவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வெளிநாடுகளில் புழங்கும் 1 முதல் 5 வரையிலான அளவுகோலில் 5 அன்று யாரும் வெளியே போவதில்லை. அதிக உயிர்கள் போவது 3-ல். நடுத்தரம் என்று படித்துவிட்டுத் துணிவதால் வரும் வினை.

“மூவாயிரம் கிலோமீட்டர் வந்துட்டு உச்சியைத் தொடாமப் போறதா” என்ற பேச்சு ஒவ்வொரு குழுவிலும் வரும். பணம் கட்டியாயிற்று, விடுப்பு முடிகிறது, பக்கத்துக் குழு ஏறிவிட்டது. பனிக்கு இதெல்லாம் தெரியாது. அதனால் திரும்பும் நிபந்தனைகளை ஊரில் வைத்தே நான்கு வரி எழுதி எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் குழு திரும்பும் என்பது அதில் ஒரு வரியாக இருக்கட்டும். ஏற்பாட்டாளரிடம் முன்பணம் தருமுன் கேட்க வேண்டியவை: பாதையில் 30 பாகைக்கு மேற்பட்ட இடம் எங்கே, கைவசம் மாற்று நாள் உண்டா, பனியில் புதைந்தவரைத் தேடும் கருவி யார் யாரிடம் இருக்கும். “சார், ஒன்றும் ஆகாது” என்பது பதில் ஆகாது.

நடக்கும்போது

முகடு, அடர்ந்த காடு, அகன்ற பள்ளத்தாக்கின் நடு ஆகிய மூன்றும் நல்ல வழிகள். சரிவை வேறு வழியின்றிக் கடக்க நேர்ந்தால் ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். கடப்பது உயரமாக, முடிந்தவரை சரிவின் மேல்நுனிக்கு அருகில். நடுவில் நின்று படம் எடுப்பதோ காத்திருப்பதோ கூடாது. கைத்தடியின் மணிக்கட்டு வார்களைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தடி கையை உள்ளே இழுக்கும்.

யாத்திரைக் காலத்தில் விழுவது ஈரப்பனி. இரவில் உறைந்த பனி காலையில் பாறை மாதிரி இருக்கும், வெயில் ஏற ஏற இளகும். கேதார்நாத் நடைபாதையில் பனி நாலாக்கள் குறுக்கிடும் இடங்களை விடிந்ததும் முன்காலைக்குள் தாண்டிவிட வேண்டும். கால் கணுக்கால் வரை புதைய ஆரம்பித்தால் நேரம் தாண்டிவிட்டது. இரவு மேகமூட்டமாக இருந்து பனி உறையவே இல்லையென்றால் காலைகூட நம்பத்தக்கதல்ல. பணியாளர்கள் நிறுத்தினால் நிற்க வேண்டும். குதிரைக்காரர் குறுக்குவழி சொன்னாலும் பனிமேல் போகக் கூடாது.

மூன்று கருவிகள், ஒரு கண்மாய்

கூட்டப் பாதையில் போகும் யாத்திரிகருக்கு இது தேவைப்படாது. சறுக்கவோ, குளிர்காலத்தில் பாதை விட்டு ஏறவோ போகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் டிரான்ஸீவர் (அலை அனுப்பவும், புதைந்தவரின் அலையைத் தேடவும் உதவும் கருவி), புரோப் கம்பி (பனிக்குள் குத்தித் தேடும் நீளக்கம்பி), ஷவல் (பனி தோண்டும் மண்வாரி) மூன்றும் இருக்க வேண்டும். குல்மார்கில் வாடகைக்குக் கிடைக்கும். டிரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குவது, மூன்று ஆன்டெனா உள்ளது. மேல்சட்டைக்கு அடியில் உடம்போடு வாரில் மாட்ட வேண்டும், பைக்குள் வைத்தால் பை தனியாகப் போய்விடும். கைப்பேசியிலிருந்து அனுப்புநிலையில் 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். புதிய ஆல்கலைன் பேட்டரி போடுங்கள். ரீசார்ஜ் பேட்டரி மீதி அளவைப் பொய்யாகக் காட்டும். புரோப் 240 செ.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள். ஷவல் உலோகத் தட்டு உள்ளதாக இருக்கட்டும், பிளாஸ்டிக் தட்டு இறுகிய சரிவுப்பனியில் உடையும். பலூன் பை (இழுத்தால் ஊதி, ஆளைப் பனியின் மேலே வைக்க உதவும் முதுகுப்பை) வாங்கினால் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற முன்கூட்டியே ஒப்புதல் பெறுங்கள்.

பழகுவதற்குப் பனி வேண்டாம். வற்றிய கண்மாய் போதும். கருவேல மரம் இல்லாத, மின்கம்பியும் பம்புசெட்டும் தள்ளியிருக்கும் 40-க்கு 40 மீட்டர் இடம் பாருங்கள். வைக்கோல் அடைத்த சாக்கு ஒன்றை அரை மீட்டர் ஆழத்தில் புதைத்து, அதற்குள் ஒரு டிரான்ஸீவரை அனுப்புநிலையில் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். எவர்சில்வர் தூக்கில் வைத்தால் உலோகம் அலையை மறைத்துவிடும். மேலே இளமண்ணைத் தூவி மூடுங்கள், கம்பி இறங்க வேண்டும். புரோப் வெறுந்தரையில் முட்டுவதற்கும் சாக்கில் பட்டு மெல்ல எழும்புவதற்கும் உள்ள வித்தியாசம் கைக்குப் பிடிபடும். நீளக்கம்பியால் கண்மாயைக் குத்துவதைப் பார்த்து ஊரில் புதையல் கதை கிளம்பும், முன்பே சொல்லிவிடுங்கள். தேடத் தொடங்கியதிலிருந்து கம்பி படும் வரை ஐந்து நிமிடத்துக்குள் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

சரிவு கிளம்பிவிட்டால்

சிக்கியவர் கத்த வேண்டும், பக்கவாட்டில் வெளியேறப் பார்க்க வேண்டும், பலூன் பை இருந்தால் இழுக்க வேண்டும். வேகம் குறையும்போது இரு கைகளையும் முகத்துக்கு முன் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் செய்ய வேண்டும். நின்ற கணத்தில் பனி இறுகிவிடும், பிறகு விரலைக்கூட அசைக்க முடியாது.

வெளியே இருப்பவர்களுக்கு உள்ள நேரம் 10 முதல் 15 நிமிடம். அதற்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணி தாண்டினால் மூவரில் ஒருவர்தான். மீட்புப் படை வந்து காப்பாற்றும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

1. மறுசரிவு வருமா என்று மேலே பாருங்கள். ஆட்களை எண்ணுங்கள். ஒருவர் தலைமை ஏற்றுக்கொள்ளுங்கள்.
2. எல்லா டிரான்ஸீவர்களையும் தேடுநிலைக்கு மாற்றுங்கள். ஒன்று மறந்து அனுப்புநிலையில் இருந்தால் உயிரோடு நிற்பவரையே தேடிக்கொண்டிருப்பீர்கள். தேடுபவர்களின் கைப்பேசிகளை அணையுங்கள்.
3. கடைசியாகப் பார்த்த இடத்துக்குக் கீழே, 40 மீட்டர் அகலப் பட்டைகளாக, கையுறை, தடி, பை தென்படுகிறதா என்று பார்த்தபடி இறங்குங்கள்.
4. சமிக்ஞை கிடைத்ததும் அம்புக்குறியைத் தொடருங்கள். கருவி காட்டும் தூர எண் 10-க்குக் கீழே வந்ததும் நடையைக் குறையுங்கள். 3-க்குள் வந்ததும் கருவியைப் பனியைத் தொடும்படி தாழ்த்தி, திருப்பாமல், முன்பின்னும் இடவலமும் நகர்த்தி மிகக் குறைந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள்.
5. அங்கிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருளாகப் புரோப் செய்யுங்கள். கம்பி சரிவுக்குச் செங்குத்தாக இறங்கட்டும். பட்டதும் உருவாதீர்கள்.
6. கம்பியின் மேல் நிற்காமல், ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் கீழ்ச்சரிவில் தொடங்கி உள்நோக்கித் தோண்டுங்கள். மண்ணைத் தூக்கி எறிகிற மாதிரி செய்தால் இரண்டு நிமிடத்தில் தோள் ஓய்ந்துவிடும். துடுப்புப் போடுவதுபோலப் பனியைப் பின்னால் தள்ளுங்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்கே ஒரு டன்னுக்கு மேல் பனி வரும். முன்னே ஒருவர், பின்னே இருவர் மூவர் என நின்று, நிமிடத்துக்கொருமுறை ஆள் மாற்றுங்கள்.

முகம்தான் முதலில். வாயிலும் மூக்கிலும் அடைந்த பனியை எடுத்து, மூச்சில்லையென்றால் ஐந்து முறை ஊதிவிட்டு, பிறகு 30 அழுத்தலுக்கு 2 மூச்சு என்று தொடருங்கள். மார்பின் மேலுள்ள பனியைத் தள்ளாமல் மூச்சு இறங்காது. உடம்பு சில்லிட்டிருந்தால் புரட்டாமல், உலுக்காமல் கையாளுங்கள்.

உதவி எண் 112. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். செயற்கைக்கோள் கைப்பேசியும் செய்திக்கருவியும் அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அன்பாக வாங்கிக் கொடுத்தாலும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்ததும் டிரான்ஸீவரின் பேட்டரியைக் கழற்றி, தனியே வையுங்கள். நம் ஊர் வெக்கையில் பீரோவுக்குள் ஒரு கோடை கிடந்தால் கசிந்து முனைகளை அரித்துவிடும். புரோப்பை நிமிர்த்தி, உள்ளே ஓடும் கயிற்றைக் காயவைத்து, இழுத்துப் பாருங்கள். பிரிபிரியாக இருந்தால் மாற்றியாக வேண்டும்.